ஆக்குவோர் சபையில் ஆடுவோர்

மேகமலையின் அடிவாரத்தில், சண்முகாநதி அணையை அண்டிப் பந்தல் பந்தலாகத் திராட்சை படர்ந்து கிடக்கும் ராயப்பன்பட்டியில், கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் குலை அறுப்பதுமாகப் பகற்பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் சற்று ஓய்ந்து உட்காரும் வாலிபர்கள் கையில் செல்போன் இல்லாமல் இல்லை. அந்தச் செல்போனில் ஏதேனும் ஒரு கேம் இல்லாமலும் இல்லை. உத்தமபாளையம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் லூடோ ஆடுகிறவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நண்பர்களோடு ஃப்ரீ ஃபயர் ஆடத் தொடங்குகிற மாணவர்களும், சமையல் முடிந்த பிற்பகலில் கேண்டி கிரஷ் மிட்டாய்களை வரிசை சேர்க்கிற இல்லத்தரசிகளும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் உண்டு. பரிசையோ கீர்த்தியையோ கருதாமல், மனத்துக்கு ஓர் ஆறுதலாகச் சிறிது நேரம் ஆடிவிட்டு எழுந்து தம் காரியத்தைப் பார்க்கப் போகும் இந்தச் சாதாரண ஆட்டக்காரர்களை உத்தேசித்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இந்திய வீடியோ கேம் தொழிலின் பிரதான மகாநாடாகிய 'இந்தியா கேம் டெவலப்பர் கான்ஃபரன்ஸ்', பல ஆண்டுகளாகத் தனக்கு வாசஸ்தலம்போல் இருந்துவந்த ஐதராபாத்தை விட்டுச் சென்னைக்கு வந்து, நந்தம்பாக்கத்திலுள்ள வர்த்தக மையத்தில் கூடியது. கேம்களை ஆக்குவோரும், அவற்றுக்கு முதலீடு செய்வோரும், வெளியிடுவோரும், அத்தொழிலைக் கற்க விரும்பும் மாணவரும் சேரும் சபை அது. இச்செய்தியை ஊரில் ஒரு பெரியவரிடம் சொன்னால், "ஏப்பா, செல்லுல விளையாடுறதுக்கும் ஒரு மாநாடா? அதப் பாக்க மெட்ராஸ் வரைக்கும் போகணுமாக்கும்?" என்றுதான் அவர் கேட்பார். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு மரியாதையோடு விடை சொல்லவேண்டிய கடமையும் இருக்கிறது. தொழில் செய்வோருக்கென்று கூடிய ஒரு சபையில், விளையாட மட்டுமே தெரிந்த ஒருவனுக்கு என்ன வேலை என்பதே விஷயம். அவனுக்கு அங்கே வேலை உண்டு என்பதும், அவன் போகாவிட்டால் அந்தச் சபைக்குத்தான் நஷ்டம் என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

இத்தகைய சபைகள் தோன்றிய விதத்தை முதலில் அறிந்துகொள்வது நலம். 1988-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள சான் ஹோசே நகரில், கிறிஸ் கிராஃபோர்டு என்ற கேம் ஆசிரியர், தம்மைப் போலவே தனித்தனியே அறைக்குள் அமர்ந்து கணினியோடு போராடிக்கொண்டிருந்த சிலரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். சுமார் 27 பேர் வந்தார்கள். வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்து, ஒருவர் கண்ட உபாயத்தை மற்றவருக்கு ஒளிக்காமல் பேசிக்கொண்டார்கள். அந்தச் சிறு கூட்டமே வளர்ந்து வளர்ந்து, இன்று சான்பிரான்சிஸ்கோவில் பல்லாயிரம் பேர் ஆண்டுதோறும் கூடும் 'கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்' ஆக நிலைபெற்றிருக்கிறது. இது கலையைக் குறித்த சம்பாஷணைக்காகப் பிறந்த சபை. வியாபாரத்துக்காகப் பிறந்தது வேறொன்று. 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய 'இ3' என்னும் கண்காட்சி, கடைக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் மட்டுமே வாசலைத் திறந்து வைத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறே நடந்துவந்தது. 2017-இல்தான் பொதுஜனங்களுக்கென 15,000 நுழைவுச் சீட்டுகளை அது விற்கத் துணிந்தது. 2023 டிசம்பரில் அக்கண்காட்சி நிரந்தரமாக மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஆடுகிற ஜனங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே கதவைத் திறந்து வைத்த ஜெர்மனியின் 'கேம்ஸ்காம்' திருவிழாவோ, கொலோன் நகரில் இன்றும் லட்சக்கணக்கானோரை ஈர்த்துச் செழித்து வருகிறது. இ3 மூடப்பட்டதற்குக் காரணங்கள் பல. எனினும், ஆடுவோரைப் புறத்தே நிறுத்திய சபையும் அவர்களை வரவேற்ற சபையும் அடைந்த கதிகளில் உள்ள தாரதம்மியம் சிந்திக்கத் தக்கது.

நம் தேசத்தில் இத்தொழிலுக்கு வயது சிறிதே. 1997-இல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் நிறுவிய 'துருவா இன்டராக்டிவ்' என்ற ஸ்தாபனத்தையே இந்தியாவின் முன்னோடி கேம் நிறுவனமாகச் சொல்வது வழக்கம். அதன் பின்னர் நெடுங்காலம், மேல்நாட்டார் கற்பனை செய்த கேம்களுக்குச் சித்திரமும் உருவமும் தீட்டிக் கொடுக்கும் கூலி வேலையே நம்மவருக்குப் பெரும்பாலும் வாய்த்தது. கற்பனையும் நம்முடையதாக, கதையும் நம்முடையதாக ஒரு கேம் செய்ய முடியும் என்ற துணிவு பின்னர்தான் வந்தது. நவி மும்பையிலிருந்து 2016-இல் வெளிவந்த 'லூடோ கிங்', பழைய தாயக்கட்டத்தின் உறவுக்காரனாகிய ஓர் ஆட்டத்தைச் செல்போனில் ஏற்றி, 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் வீடு வீடாகப் புகுந்தது. அதே 2020-இல், புனே நகரத்து இளைஞர் சிலர் ஆக்கிய 'ராஜி', நம் புராணக் கதைகளின் சூழலில் ஒரு சிறுமியை நாயகியாக நிறுத்தி வெளிநாட்டார் கவனத்தைக் கவர்ந்தது. இவ்விதம் பெங்களூரிலும் புனேயிலும் சென்னையிலும் சிதறிக் கிடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை ஒரே கூரையின்கீழ் சந்திக்க ஏற்பட்டதே, சென்னைக்கு வந்த அந்த மகாநாடு.

அங்கே என்ன நடக்கிறது? பெரிய அரங்குகளில் பிரசங்கங்கள் நடக்கின்றன. விசாலமான கூடத்தில் கண்காட்சி நடக்கிறது. தனி அறைகளில் முதலீட்டாளருக்கும் ஆக்குவோருக்கும் இடையே பேரம் நடக்கிறது. இவற்றுள் மூன்றாவது நமக்குச் சம்பந்தமில்லாதது. முதல் இரண்டிலும் சாதாரண ஆட்டக்காரன் அனுபவிக்கத் தக்கவை நிறைய உண்டு.

பிரசங்கம் என்றவுடன் கணக்கும் கணினி மொழியும் மட்டுமே பேசுவார்கள் என்று அஞ்சவேண்டியதில்லை. கேம் உலகத்தில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஒரு கேமை ஆக்கி முடித்தவர், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, எந்தத் தீர்மானம் பின்னால் பெரும் செலவாக முடிந்தது என்பதையெல்லாம் சபையின் முன் திறந்து சொல்கிறார். 2011-இல் சான்பிரான்சிஸ்கோ மகாநாட்டில், ஜப்பானியராகிய டோரு இவதானி, தாம் 1980-இல் ஆக்கிய 'பேக்-மேன்' கேமைப் பற்றி இவ்வாறு பேசினார். வட்ட வாயைத் திறந்து புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடும் அந்த மஞ்சள் உருவத்தை அறியாதவர் அரிது. அதைத் துரத்தும் நான்கு பேய்களுக்கும் நான்கு சுபாவங்கள் உண்டு என்பதை அறிந்தவரோ சிலரே. சிவப்புப் பேய் நேரே பின்தொடர்கிறது. இளஞ்சிவப்புப் பேய், நாம் போகப்போகும் இடத்துக்கு முன்னதாகவே சென்று வழிமறிக்கப் பார்க்கிறது. ஆரஞ்சு நிறப் பேய் நெருங்கி வந்துவிட்டுத் திடீரென விலகிப் போகிறது. நீலப் பேய், நம்முடைய இடத்தையும் சிவப்புப் பேயின் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவதால், அதன் போக்கை முன்கூட்டி அறிவது கடினம். நான்கும் ஓயாமல் துரத்தினால் ஆடுகிறவன் சோர்ந்துவிடுவான் என்பதற்காக, இடையிடையே அவை தத்தம் மூலைகளுக்குப் பின்வாங்கிப் போகும்படியும் விதித்திருந்தார்கள். நமக்குக் கிடைத்த அந்தச் சில கணங்களின் மூச்சு, தற்செயலாக வந்தது அன்று. ஒருவர் நம்மீது வைத்த கருணையால் திட்டமிட்டு அளிக்கப்பட்டது. இதை அறிந்த பின் ஒருவன் எந்தக் கேமை ஆடினாலும், தன் முன்னே உள்ள ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார் என்ற உணர்ச்சியோடுதான் ஆடுவான். ராகலட்சணம் அறிந்தவனுக்குக் கச்சேரியில் கிடைக்கும் அதிகப்படியான ரசானுபவம் இதுவே.

இந்த யோசனை நமக்குப் புதிதும் அன்று. கோயில் மண்டபத்துத் தளங்களிலும் மலையடிவாரத்துப் பாறைகளிலும் கீறி வைத்து நம் முன்னோர் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று புலிகள் ஒரு பக்கம்; பதினைந்து ஆடுகள் மறுபக்கம். புலி தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் அதிகாரம் இல்லை. ஆனால் ஆடுகள் கூடி நெருக்கிப் புலியை நகர விடாமல் அடைத்துவிடலாம். இருவருடைய பலமும் இருவருடைய காரியமும் வெவ்வேறாக இருந்தும், வெற்றிக்கு இருவருக்கும் வழி இருக்கும்படி ஓர் ஆட்டத்தை அமைப்பது எவ்வளவு கடினம் என்பதை, இன்றைய கேம் ஆசிரியர்கள் மேடையேறி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஆடுகளைக் கூட்டியும் குறைத்தும், கோடுகளை அழித்தும் வரைந்தும், பலமுறை ஆடிப் பார்த்தே அதைச் சமன் செய்திருக்க வேண்டும். அத்தகைய பிரசங்கத்தைக் கேட்கும் கம்பம் பள்ளத்தாக்கு வாலிபன், அந்நிய சாஸ்திரம் ஒன்றைக் கேட்பவனாக இராமல், தன் பாட்டனார் அறிந்திருந்ததை வேறு பாஷையில் கேட்பவனாகவே இருப்பான்.

ஆயினும், சாதாரண ஆட்டக்காரன் முதலில் போகவேண்டிய இடம் பிரசங்க மண்டபம் அன்று. கண்காட்சிக் கூடத்தின் ஓரத்தில், சிறிய குழுவினர் தங்கள் முடிவுறாத கேம்களை வைத்துக்கொண்டு நிற்கும் மேஜைகளே. பெருநிறுவனங்களின் விளக்கு அலங்காரமோ ஒலிபெருக்கிச் சத்தமோ அங்கே இராது. ஒரு மடிக்கணினி; அதனோடு இணைத்த ஒரு கன்ட்ரோலர்; பின்னால் இரண்டு ஆண்டுகளின் உழைப்பைச் சுமந்துகொண்டு நிற்கும் ஓர் இளைஞனோ யுவதியோ. அத்தகைய மேஜையருகே சிறிது நேரம் நின்று கவனிப்பவன் ஒரு விசித்திரத்தைக் காண்பான். ஆட உட்கார்ந்தவன் கதவைத் திறக்கத் தெரியாமல் சுவரைச் சுற்றிச் சுற்றி வருகிறான். தவறான பொத்தானை அழுத்துகிறான். திரையின் மேல்மூலையில் கொட்டை எழுத்தில் இருக்கும் குறிப்பை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆக்கியவருக்கோ நாக்கின் நுனிவரை வார்த்தை வந்துவிடுகிறது. எனினும் வாய் திறவாமல் நின்று, ஆடுகிறவனுடைய விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொள்கிறார். சொல்லிக் கொடுத்துவிட்டால் பரீட்சை கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேமை விலைக்கு வாங்கியவனோடு அவனுடைய வீட்டில் வந்து நின்று அவரால் விளக்க முடியாது அல்லவா?

இங்கேதான் சாதாரண ஆட்டக்காரனின் மதிப்பு வெளிப்படுகிறது. நாள் முழுவதும் கேம் ஆடிப் பழகிய சூரனுக்குக் கதவு எங்கே இருக்கும், சாவி எங்கே இருக்கும் என்பதெல்லாம் பழக்கத்தாலேயே தெரிந்துவிடும். அவன் தடுக்கி விழமாட்டான். ஆகவே ஆக்கியவருக்கு அவனால் தெரியவரும் குறைகள் ஒரு வகையில் அடங்கிவிடும். பஸ் நிலையத்தில் லூடோ மட்டும் ஆடி வந்தவன் எங்கே தடுமாறுகிறானோ, எங்கே சலித்துக்கொள்கிறானோ, எங்கே தன்னை மறந்து புன்னகை செய்கிறானோ, அந்த இடங்களை வேறு எந்த நிபுணராலும் ஆக்கியவருக்குக் காட்ட முடியாது. எழுதி முடித்த நாவல், வாசகன் இல்லாவிட்டாலும் நாவலாகவே அலமாரியில் இருக்கும். கேமோ, ஒருவன் கை வைத்து ஆடும்போதுதான் நிகழ்கிறது. ஆகையால் ஆடுகிறவன் அச்சபையில் வேடிக்கை பார்க்க வந்தவன் அல்லன். அக்கலையின் மற்றொரு பாதிக்கு உரியவன். அவன் தன் அறியாமையைக் குறித்து வெட்கப்படாமல், "தம்பி, எனக்கு இது வெளங்கல, எதுக்காக இந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்பதே அவன் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

சாதாரண மனிதனின் வாழ்வையே பொருளாக எடுத்துக்கொண்டு, சாதாரண மனிதனும் ஆடும்படி அமைத்து, உலக சபைகளில் முதன்மை பெற்ற ஒரு தமிழ்ப் படைப்பு நம் கண்முன் இருக்கிறது. டொரொண்டோ நகரத்து 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு, அபி என்பவர் தலைமையில் ஆக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா' என்பதே அது. 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தம்பதி, அவர்களுக்குப் பிறக்கும் கவின் என்ற மகன், அவன் வளர வளரத் தாய்மொழிக்கும் அவனுக்கும் இடையே விழும் தூரம், இவ்வளவே கதை. ஆட்டமோ சமையல். அந்தத் தம்பதியில் மனைவிக்கு அவளுடைய தாய் கொடுத்தனுப்பிய பழைய சமையல் குறிப்புப் புத்தகத்தில் கறை படிந்தும் கிழிந்தும் வரிகள் மறைந்துபோயிருக்கின்றன. மிச்சமிருப்பதைக் கொண்டு ஆடுகிறவனே செய்முறையை ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் பரவும், புட்டுக் குழலில் மாவையும் தேங்காயையும் எந்த முறையில் இட வேண்டும் என்பவையே புதிர்கள். தவறினால் தண்டனை இல்லை, மறுபடி முயலலாம். நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் செய்து, யாராலும் வித்தை என்று போற்றப்படாத காரியம், அங்கே மதிநுட்பத்துக்கு இடமான ஒன்றாக உயர்ந்து நிற்கிறது. தேவா பாடிய பாட்டும் அதில் ஒலிக்கிறது. முழுவதையும் ஆடி முடிக்க ஒரு திரைப்படத்தின் நேரம்கூட ஆகாது. இந்தச் சிறிய கேம், 2024 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ மகாநாட்டோடு ஒட்டி நடக்கும் சுயேச்சை கேம் விழாவில் 'சூமஸ் மக்நாலி' என்னும் மகா பரிசைப் பெற்றது; அடுத்த மாதமே பிரிட்டனின் பாஃப்டா சங்கம் முதற்படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. எந்த மகாநாட்டின் வித்து 27 பேர் கூடிய ஒரு வீட்டுக்கூடத்தில் 1988-இல் விழுந்ததோ, அந்த மகாநாட்டின் மேடையில், அதே 1988-இல் தொடங்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை கௌரவிக்கப்பட்டதை எண்ணி நாம் பெருமிதம் கொள்வது நியாயமே.

இனி, பெற்றோரின் ஆக்ஷேபத்துக்கு வருவோம். கேம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் மனத்தில் எழுவது பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. செல்போனில் பணம் வைத்து ரம்மி ஆடிக் கடனாளியாகி உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை நம் மாநிலம் எத்தனையோ முறை கேட்டு வருந்தியிருக்கிறது. தமிழக அரசு 2022-இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும் தடை செய்தது. அதே சட்டம், இ-ஸ்போர்ட்ஸ் என்னும் போட்டி ஆட்டங்களையும், பணயம் இல்லாத பொழுதுபோக்கு ஆட்டங்களையும் வேறாகப் பிரித்து அங்கீகரித்தது. சூதாட்டம் வேறு, கேம் வேறு என்ற இந்தப் பேதத்தை வீட்டிலும் நாம் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். எனினும், பணயம் இல்லாத கேம்கள் எல்லாம் தோஷமற்றவை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆட்டத்தை நிறுத்தும் சக்தியை இழந்து, மற்றக் காரியங்கள் யாவும் பின்தள்ளப்பட்டு, கேடு விளைவது தெரிந்தும் ஆடிக்கொண்டேயிருக்கும் நிலை பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு நீடிக்குமானால், உலக சுகாதார ஸ்தாபனம் அதை ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கவைக்கும் தந்திரத்தை 2018-இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. தினமும் வந்து எட்டிப் பார்த்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் நஷ்டம் என்ற ஏற்பாடுகளோ, நம் குழந்தைகள் ஆடும் எத்தனையோ கேம்களில் சர்வசாதாரணம்.

இவற்றைக் குறித்து யாரிடம் கேட்பது? நம் கையிலுள்ள செல்போனிடம் கேட்க முடியாது. ஆக்கியவர்கள் நேரில் வந்து நிற்கும் மகாநாட்டில் கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் தாய் ஒருத்தி அந்தக் கூடத்துக்குச் சென்று, "இதை நிறுத்திவிட்டு எழுந்திருக்க ஒரு நல்ல இடம் வைத்திருக்கிறீர்களா? என் பிள்ளையிடமிருந்து நீங்கள் எந்த வழியில் பணம் பெறுகிறீர்கள்?" என்று நயமாக வினவினால், அதற்கு நேராக விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். விடை சொல்லத் தயங்குபவருடைய கேமை வீட்டுக்குள் விடலாமா என்பதை அந்தத் தயக்கமே அவளுக்குத் தெரிவித்துவிடும். வியாபாரிகளும் முதலீட்டாளர்களும் மட்டுமே கூடும் சபையில் இக்கேள்விகள் எழுவதற்கு இடமே இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

ஜீவனோபாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கேமுக்குக் கணினி மொழி அறிந்தவர் மட்டும் போதாது. சித்திரக்காரர், சங்கீதம் அறிந்தவர், கதை எழுதுபவர், குரல் கொடுப்பவர், மொழிபெயர்ப்பவர், பிழை கண்டுபிடிப்பவர் என்று பலதரப்பட்டவர்கள் தேவைப்படுகிறார்கள். சர்ச் நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதும் பையனும், பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பாட்டு அமைக்கும் பெண்ணும், தம் திறமைக்கு இப்படியும் ஒரு களம் உண்டு என்பதை அங்கே நேரில் காணலாம். ஆனால் ஆசை காட்டி அழைப்பது தர்மமன்று. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் பெரிய கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கின. இன்றும் இத்தொழில் ஸ்திரமானது என்று சொல்வதற்கில்லை. படிப்பை விட்டுவிட்டு இதில் குதிக்கவேண்டும் என்று எந்த நல்லவரும் புத்தி சொல்லமாட்டார். தொழிலில் இருப்பவரிடமே அதன் சுகதுக்கங்களைக் கேட்டறிந்து தீர்மானிப்பதற்கு மகாநாட்டைவிடத் தகுந்த இடம் இல்லை.

போக விரும்புகிறவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு நேர் ரயில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே என்பதால் மகாநாட்டு நாளோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் கம்பத்திலிருந்து சென்னை பஸ் இருக்கவே இருக்கிறது. நுழைவுச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. அதை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்வது உத்தமம். எந்தச் சீட்டுக்குப் பிரசங்கங்களைக் கேட்க உரிமை உண்டு, எதற்குக் கண்காட்சி மட்டும் என்பதை வாசித்துப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாப் பிரசங்கங்களையும் கேட்டே தீருவது என்று ஓடுவது வீண் சிரமம்; ஒரு நாளைக்கு இரண்டைத் தேர்ந்தெடுத்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, மிகுந்த நேரத்தைச் சிறிய மேஜைகளுக்குக் கொடுக்கலாம். ஆடிய ஒவ்வொரு கேமிலும் பிடித்தது ஒன்றையும் புரியாதது ஒன்றையும் ஆக்கியவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். பிரயாணம் செய்ய வசதி இல்லாதவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. சான்பிரான்சிஸ்கோ மகாநாட்டின் பல பிரசங்கங்கள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ ஆசிரியர் ஒருவர் முன்வந்து, மாணவர் பத்துப் பேரைச் சேர்த்து, அவற்றில் ஒன்றைத் தமிழில் விளக்கி, அதன்பின் பிள்ளைகளையே காகிதத்தில் ஓர் ஆட்டம் செய்து ஆடிப் பார்க்கச் சொன்னால், அது செலவில்லாத மகாநாடு.

சினிமா தமிழ்நாட்டுக்கு வந்த காலத்தில், அதைக் கெட்டது என்று ஒதுக்கியவர்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அதில் மயங்கியவர்களும் உண்டு. அதை நிதானமாகப் பார்த்து நல்லது இது, நல்லதல்லாதது இது என்று பேசக் கற்ற ரசிகர்களாலேயே அக்கலை மேன்மை அடைந்தது. கேமுக்கும் இன்று அத்தகைய ரசிகர்களே தேவை. கோடிக்கணக்கான இந்தியர் கேம் ஆடுகிறார்கள். ஆனால் தமக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லாதவரையில், எத்தனை நிமிஷம் ஆடினார்கள், எத்தனை ரூபாய் செலவழித்தார்கள் என்ற கணக்கைக் கொண்டே ஆக்குவோர் அவர்களுடைய விருப்பத்தை ஊகித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஊகத்தில் நம் மொழிக்கும், நம் ஊருக்கும், நம் பிள்ளைகளின் நலத்துக்கும் இடம் கிடைக்குமா என்பது சந்தேகமே. ஆகவே அடுத்த மகாநாடு எந்த ஊரில் கூடினாலும், நம் பள்ளத்தாக்கிலிருந்து சிலராவது அங்கே போக வேண்டும். ஆடிப் பார்க்க வேண்டும். தம் அபிப்பிராயத்தைத் தம் பேச்சுத் தமிழிலேயே அச்சமின்றிச் சொல்லிவிட்டு வரவேண்டும்.